பூந்தமல்லியை ஆண்ட பாரசீகர்

பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசலில் பாரசீக மொழியில் ஒரு கல்வெட்டு உண்டு. அஸ்தராபாதைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தம் என்பவர் 1653-இல் இதைக் கட்டினார் என்று அது சொல்கிறது. அஸ்தராபாத் காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். இப்போது கோர்கான் என்கிறார்கள். அந்த ஊர்க்காரருக்குப் பூந்தமல்லியில் என்ன வேலை?

அன்று இந்தச் சீமையே இன்னொரு பாரசீகரின் கையில் இருந்தது. பெயர் முகம்மது சையத். இஸ்ஃபஹானை அடுத்த அர்திஸ்தானில் எண்ணெய் வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். வைர வியாபாரியிடம் கணக்கெழுதும் ஆளாகக் கோல்கொண்டாவுக்கு வந்து, தானே வைர வியாபாரியாகி, மசூலிப்பட்டினத்துக்கு ஆளுநராகி, கடைசியில் சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் மீர் ஜும்லா ஆனார். பதவியின் பெயரே ஆளின் பெயராக நிலைத்துவிட்டது.

1642 முதல் அவர் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. விஜயநகரத்தின் கடைசி அரசர்களில் ஒருவரான மூன்றாம் ஸ்ரீரங்கர் ஒவ்வொரு கோட்டையாக இழந்துகொண்டிருந்தார். 1640-களின் பிற்பாதியில் பூந்தமல்லியும் மயிலாப்பூர்ப் பக்கமும் மீர் ஜும்லாவின் வசம் வந்தன.

இன்றைக்குப் பூந்தமல்லி சென்னையின் புறநகர். மெட்ரோ திட்டத்தில் ஒரு பாதைகூட கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பூந்தமல்லியில்தான் முடிகிறது. அன்றைய கணக்கு தலைகீழ். மதராஸ்தான் பூந்தமல்லிக்குப் புறநகர். 1639-இல் ஆங்கிலேயருக்குக் கடற்கரை மணலைக் கொடுத்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவர் தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்துகொண்டுதான் இந்தப் பக்கத்தைக் கவனித்தார். ஆகவே பூந்தமல்லி யார் கைக்குப் போனதோ, அவரிடம் ஆங்கிலேயக் கோட்டைக்காரர்கள் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. 1647-இல் மீர் ஜும்லா நாயக்கர் கொடுத்த அந்தப் பழைய சாசனத்தை உறுதிப்படுத்திக் கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

ஆள் எப்படிப்பட்டவர்? வைரம் வாங்க வந்த பிரெஞ்சு வியாபாரி தவெர்னியே 1652-இல் கண்டிக்கோட்டையில் அவரைக் கூடாரத்தில் சந்தித்து எழுதியிருக்கிறார். வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார் நவாப். கால்விரல் இடுக்குகளில் கடிதங்கள், இடது கைவிரல் இடுக்குகளிலும் கடிதங்கள். ஒரு சமயம் காலிலிருந்து ஒன்றை உருவுவார், ஒரு சமயம் கையிலிருந்து. பதில் சொல்லச் சொல்ல எழுத்தர்கள் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, வாள் பிடித்த எந்தச் சித்திரத்தையும்விட இதுவே அவரைச் சரியாகக் காட்டுகிறது. படைக்குப் பணம் கொடுத்தது வைரச் சுரங்கம். படையை நடத்தியது கணக்குப்பிள்ளையின் மூளை.

இன்னொன்றையும் தவெர்னியே சொல்கிறார். 20 பீரங்கிகள் வார்க்க மீர் ஜும்லா ஒரு பிரெஞ்சுக்காரரை அமர்த்தி, கோயில்களின் செப்புச் சிலைகளைத் திரட்டிக் கொடுத்தாராம். கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு சிலைகள் மட்டும் என்ன செய்தும் உருகவில்லையாம். பீரங்கி ஒன்றுகூட உருப்படியாகவில்லை என்று முடிக்கிறார். சிலை உருகாத கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். சிலைகளைத் திரட்டியதை மறைக்க அதில் எதுவும் இல்லை.

இவ்வளவு செல்வமும் தனிப் படையும் உள்ள ஊழியரைப் பார்த்து எந்தச் சுல்தானும் நிம்மதியாகத் தூங்க முடியாது. 1655-இல் குதுப் ஷா மீர் ஜும்லாவின் மகனைச் சிறையில் அடைத்தார். மீர் ஜும்லா முகலாயர் பக்கம் தாவினார்; அடுத்த ஆண்டே ஷாஜகானின் பிரதம அமைச்சர். வாரிசுப் போரில் ஔரங்கசீப்புக்குத் துணை நின்று, வங்காளத்தின் சுபேதாராகி, 1662-இல் அஹோம் தலைநகர் கர்கானைப் பிடித்தார். அந்த மழைக்காலம் அவர் படையை நோயாலும் பசியாலும் அரித்தது. டாக்காவுக்குத் திரும்பும் வழியில் 1663 மார்ச்சில் இறந்தார். கல்லறை அசாமின் மானகாச்சாரில், டாக்காவில் அவர் பெயரால் ஒரு வாசல்.

பூந்தமல்லிப் பக்கம் மிச்சமிருந்தது வாடகைத் தகராறு. அவர் வடக்கே போனதும் ஆங்கிலேயர் அவருடைய கப்பலொன்றைப் பிடித்துக்கொள்ள, 1657-இல் அவர் ஆட்கள் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மறு வருடம் சமாதானமாகி, மதராசுக்கு ஆண்டு வாடகை 380 வராகன் என்று பேசி முடித்தார்கள். 1672-இல் கோல்கொண்டா அதை 1,200 வராகனாக உயர்த்தியது.