கரீபியன் கடலோரம் ஒரு சிதம்பரம்

கீழப்பாவூர்க்காரர்களுக்கு அருவியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால், வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போவதே நமக்கு வேலை. அதனால் இந்த ஊரையும் அருவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கரீபியன் கடலில், பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப் தீவில் இருக்கிறது கபெஸ்தேர்-பெல்-ஓ. பெயரின் பின்பாதிக்கு 'அழகிய நீர்' என்று அர்த்தம். ஊருக்கு மேலே, சூஃப்ரியேர் எரிமலைச் சரிவில், கார்பே அருவி மூன்று இடங்களில் விழுகிறது. அதில் இரண்டு, நூறு மீட்டருக்கும் அதிக உயரம். என்ன ஒன்று, எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைக்காது!

மலையிலிருந்து இறங்கினால் வாழைத் தோட்டங்கள். அதைத் தாண்டி ஷான்ஜி என்ற இடத்தில், வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்களோடு நம் ஊர்க் கோயில் ஒன்று நிற்கிறது. அட்லாண்டிக்குக்கு அப்பால் இது எப்படி வந்தது?

பிரான்ஸ் தன் தீவுகளில் அடிமை முறையை 1848-ல் ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் பஞ்சம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்ப இலவசக் கப்பல் என்று சொல்லி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்த்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை இந்தத் தீவில் இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் சுமார் 42,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் கொஞ்சம்தான். நோயிலும் வேலையிலும் செத்தவர்கள் ஏராளம்.

தங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருந்தது. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் ஓட்டு இல்லை, 'நீங்கள் அந்நியர்' என்றார்கள். 1863-ல் கபெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் அதை ஏற்கவில்லை. பிரெஞ்சு மண்ணில் பிறந்தவன் பிரெஞ்சுக்காரன்தானே என்று 1904-ல் வழக்காடத் தொடங்கினார். உரிமை கிடைத்தது 1923-ல். பத்தொன்பது வருடம்! நம் பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

பேச்சுத் தமிழ் அங்கே போய்விட்டது. வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர்களே அம்மனுக்கும் நேர்ந்துகொண்டு கிடா வெட்டுகிறார்கள். மாரியம்மன் 'மாலியெமின்' ஆகிவிட்டாள், மதுரை வீரன் 'மல்தெவிலின்'. வேப்பிலை 'வெப்பெலே'. பூசாரி மட்டும் பூசாரியேதான். நம் குழம்பு 'கொலொம்போ' என்ற பெயரில், சாதி மத பேதமில்லாமல் தீவு முழுக்கக் கொதிக்கிறது.

நம் பக்கத்துக் கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்போம் இல்லையா? அங்கே அதற்கு 'நத்ரோன்'. நாடகம்தான். மத்தளம் முழங்க, வேஷம் கட்டி ஆடுகிறார்கள். நடத்துபவரை 'வத்தியாலு' என்கிறார்கள், நம் வாத்தியார்தான். பாட்டு தமிழ், ஆனால் பாடுகிற பலருக்கும் அர்த்தம் தெரியாது. பிரெஞ்சு எழுத்தில் நோட்டில் எழுதிவைத்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.