வரப்பில் நிற்கும் பதினாறு பனை

போன வருஷம் செப்டம்பரில் ஒருநாள், பாண்டிச்சேரியில் வாக்கப்பட்டு இப்போது பாரீஸில் இருக்கும் என் சித்தி மகள் வீடியோ காலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். "லீவு போட்டுட்டு பத்து நாள் கூலிக்கு வந்திருக்கேன்க்கா. ஷாம்பெய்ன் ஊரு!"

நான் செய்யூர் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அம்மா போனை எட்டிப் பார்த்து, "ஏணி வேணாமா?" என்றாள்.

"வேணாம் பெரியம்மா. கொடி இடுப்பு உசரம்தான். குனிஞ்சே பறிக்கறதுல ராத்திரி இடுப்பு கழண்டு போவுது."

"குனிஞ்சா இடுப்புதான் போவும். ஏறினா உசுரே போவும்."

அம்மாவுக்குத் தெரியும். அப்பா பனையேறியவர். அவர் விழுந்து கால் ஒடிந்த வருஷம்தான் தம்பியை ஐ.டி.ஐ.யில் சேர்த்தோம்.

அன்றிரவு ஷாம்பெய்ன் பற்றித் தேடிப் படித்தேன். பிரான்ஸின் வடகிழக்கில் இருக்கும் குளிர்ப் பிரதேசம். அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீரைப் பிடித்து வைத்துக் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். சுமார் 320 கிராமங்கள், 34,000 ஹெக்டேர் தோட்டம். இயந்திரம் கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் அறுவடைக் காலத்தில் வெளியூர்களிலிருந்து லட்சம் பேர் வந்து இறங்குகிறார்கள். அந்த எல்லைக்குள் விளைந்தால் மட்டுமே அந்தப் பெயர். வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து கலக்கிறார்கள் என்று 1911-இல் விவசாயிகள் கலவரமே செய்திருக்கிறார்கள். 1927-இல் சட்டம் போட்டு எல்லையை உறுதி செய்தார்கள். இன்று அங்கே ஒரு ஹெக்டேர் தோட்டம் பத்து லட்சம் யூரோ அளவில் விலை போகிறது. ஏக்கருக்கு நம் பணத்தில் மூன்றரைக் கோடிக்கு மேல்!

எங்கள் கடற்கரையும் லேசுப்பட்டதல்ல. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம், கடப்பாக்கம் என்று மணல்மேடும் கழிமுகமும் உப்பளமும் சவுக்குத் தோப்பும் பனையுமாகப் போகிறது. கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளேக்குக் கிடைத்தது. 1760-இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பத்து வருஷம் இருந்தவர்கள் எங்கள் பனையைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

பனையின் சிக்கல் வேறு. ஒயின் பாதாள அறையில் வருஷக்கணக்கில் தூங்கும். பதநீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. கலயத்தில் தடவிய சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்தால் போதும், புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்க 1987 முதல் இங்கே தடை. ஆலம்பரையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் போய்ப் பாண்டிச்சேரிக்குள் நுழைந்தால் கடை போட்டே விற்கலாம். இங்கே பதநீரை அன்றன்றே விற்க வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சி வெல்லமாக்க வேண்டும். எட்டு, பத்து லிட்டர் காய்ச்சினால் ஒரு கிலோ வெல்லம். அந்த அடுப்புப் புகையில் அம்மா இருபது வருஷம் இருந்தாள். மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கும் இருக்கிறது. செய்யூர்ப் பதநீருக்குப் பெயரில்லை. ஏறவும் ஆளில்லை. பையன்களை ஏற்றிப் போகக் கம்பெனி பஸ் விடியற்காலையிலேயே வந்துவிடுகிறது.

இப்போது எங்கள் அறுபது சென்ட்டுக்கு ஒரு புரோக்கர் வந்திருக்கிறார். வரப்பில் பதினாறு பனை. வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி தேவை என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அரசு அறிவித்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தானா பட்டுப்போன மரத்த யாரும்மா கேக்கப் போறாங்க?" மரத்தை எப்படித் தானாகப் பட்டுப்போக வைப்பது என்று அவருக்குத் தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது.

தம்பிக்குப் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் கவலை. நான்தான் விற்கக் கூடாது என்று நிற்கிறேன். ஷாம்பெய்ன் கதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மா என் பக்கம் இருப்பாள் என்று நினைத்தேன்.

"நீ ஒருநாளு ஏறியிருக்கியா? ஒருநாளு அடுப்புகிட்ட குந்தியிருக்கியா? வித்துடுங்க" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. பொங்கல் கழித்து வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டுப் புரோக்கர் கிளம்பினார்.

மறுநாள் காலை வரப்புப் பக்கம் போனேன். விழுந்து கிடந்த பனம்பழங்களின் கொட்டைகளை அம்மா மணலில் வரிசையாகப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"விக்கப் போற நெலத்துல எதுக்கும்மா?"

"பொங்கலுக்குக் கெழங்கு வேணாமா? அதுக்குள்ள எவன் பத்திரம் முடிச்சிடப் போறான்? அந்த மண்ண இப்படித் தள்ளு."

தள்ளினேன்.