நெருப்பில்லாமல் புகையும்!

சிகரெட் பிடிக்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்கிறவனைத்தான் உலகம் சந்தேகப்படுகிறது. சொன்ன மறு நிமிஷத்திலிருந்து மனைவி, மாமனார், ஆபீஸ் நண்பர்கள், வீட்டுக்கார அம்மா என்று சுற்றியிருக்கும் அத்தனை பேரும் துப்பறியும் சங்கர்லால் ஆகிவிடுகிறார்கள்.

என் கேஸில் அவர்கள் மீதும் தப்பில்லை. எனக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். 2005-ல் காலேஜ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருமலோடு ஆரம்பித்தது, வேலைக்கு வந்தபின் தினசரி பதினைந்து என்று நிலைபெற்றது. நடுவில் எட்டுத் தடவை ‘விட்டும்’ இருக்கிறேன். புது வருஷத்துக்காக மூன்று முறை, பிறந்த நாளுக்காக இரண்டு முறை, திருப்பதியில் மொட்டை போட்டபோது ஒரு முறை, பல் டாக்டர் திட்டியபோது ஒரு முறை. எட்டாவது, கல்யாணத்துக்காக. அது பதினோரு நாள் தாக்குப்பிடித்தது. பன்னிரண்டாம் நாள் கொடைக்கானலில் குளிர் அதிகமாக இருந்தது. பழியைக் குளிர் மேல் போட்டேன்.

2018-ல் கம்பெனி என்னை லண்டனுக்கு அனுப்பியது. ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டு மாடியில் குடித்தனம். தெருவில் இறங்கினால் முருங்கைக்காய், வாழைப்பூ, நடக்கிற தூரத்தில் முருகன் கோயில். ஆபீஸ் கேனரி வார்ஃபில். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் வேலை செய்கிற கட்டடங்களுக்குள் புகை பிடிக்கத் தடை. ஆகவே எங்கள் ‘தம்’ கோஷ்டி வாசலில், தேம்ஸ் நதிக் காற்றில், கோழிக்குஞ்சுகள் மாதிரி ஒட்டி நின்றுகொண்டு ஊதும். ஒரு பாக்கெட் பத்து பவுண்டுக்கு மேல். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் புகைக்கு முன்பே மூச்சு நின்றுவிடும். மாற்றிப் பார்க்காமல் ஊதினேன்.

2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தான் தாயாகப் போகிற செய்தியைச் சொன்னாள் மனைவி. சந்தோஷத்தில் எனக்கு வாக்குறுதி கொடுக்கிற வியாதி வந்துவிட்டது.

“இனிமே சத்தியமா தொட மாட்டேன்!”

“சரிங்க” என்றாள்.

அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த ‘சரிங்க’வில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கைமாற்று வாங்கினவன் ‘அடுத்த மாசம் கண்டிப்பா’ என்கிறபோது நாம் சொல்வோமே, அந்த ‘சரி’! ராத்திரி முழுக்க அது என்னைத் தூங்க விடவில்லை.

மறுநாளே எங்கள் பேட்டையில் சிகரெட்டை நிறுத்த உதவும் இடத்தைத் தேடிப் போனேன். ஒரு மருந்துக் கடையின் பின்னறைதான் அது. அங்கே ஒரு பஞ்சாபி நர்ஸம்மா என் கையில் சின்ன மெஷினைக் கொடுத்து ஊதச் சொன்னார். மூச்சை அடக்கி, மெதுவாக ஊதினேன். ‘23’ என்று காட்டியது.

“பாஸா?” என்று கேட்டேன்.

“கார்பன் மோனாக்ஸைடு. இந்த எண் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது” என்றார். புகை பிடிக்காதவர்களுக்கு இரண்டு, மூன்றுதான் காட்டுமாம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய ஸீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வாயு அது. பஸ்ஸில் பார்க்கிற சமாசாரம்தான். இங்கே நிற்க வைக்கப்படுவது என் இதயம்!

எட்டுத் தடவை தோற்ற சரித்திரத்தைக் கேட்டுவிட்டு அவர்தான் ‘வேப்’ பற்றிச் சொன்னார். பேனா மாதிரி ஒரு கருவி. உள்ளே பேட்டரி, சுருள் கம்பி, கொஞ்சம் பஞ்சு, நிகோடின் கலந்த திரவம். கம்பி சூடானால் திரவம் ஆவியாகும். எதுவும் எரிவதில்லை. சிகரெட் எரிகிறபோதுதான் தார், கார்பன் மோனாக்ஸைடு உட்பட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் கிளம்புகின்றன. நம்மைக் கட்டிப்போடுவது நிகோடின், ஆளை முடிப்பது பெரும்பாலும் அந்தப் புகை.

“ஆனா இது டானிக் இல்லை. சிகரெட் பிடிக்காதவங்க தொடவே கூடாது. நீண்ட கால பாதிப்பு முழுசாத் தெரிய இன்னும் வருஷங்கள் ஆகும். உங்களுக்கு இது ஏணி. ஏறினா இறங்கிடணும்” என்றார்.

அந்த வருஷ ஆரம்பத்தில்தான் இங்கிலாந்தில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. சிகரெட்டை விட நினைத்த 886 பேரை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்கு வேப், இன்னொரு அணிக்கு நிகோடின் சூயிங்கம், பட்டை வகையறாக்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வேப் அணியில் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். மற்ற அணியில் 9.9. அதாவது, ஜெயித்த அணியிலேயே நூற்றுக்கு 82 பேர் தோல்வி! எனக்கு அது தைரியம் கொடுத்தது. என்னை மாதிரி ஆட்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள்.

வேப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இரும்புச் சுவையாக இருந்தால் பிடிக்காதே என்று மாம்பழ வாசனைத் திரவம். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

என் மனைவிக்குத் தினமும் சாயங்காலம் ஒரு சடங்கு உண்டு. நான் கழற்றிப் போடும் சட்டையை எடுத்து, காலரை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுவாள். அன்று மோந்தாள். நெற்றி சுருங்கியது.

“என்னங்க இது, மாம்பழ வாசனை?”

விளக்கினேன். கருவியைக் காட்டினேன். வெளியே போய்தான் இழுப்பேன், உன் பக்கத்தில் மாட்டேன் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “சிகரெட் நாத்தத்தை மறைக்கறதுக்கு முன்னால ஏலக்காய் மெல்லுவீங்க. இப்ப மாம்பழமா?”

கீழ் வீட்டு ஆன்ட்டியின் தீர்ப்பு வேறு. “தம்பி, உது என்ன கோதாரி? உதை இழுத்தா நெஞ்சுக்குள்ள தண்ணி நிக்குமெண்டு என்ர அக்காவின்ர மகன் சொல்லுறான். பிள்ளை பிறக்கப் போகுது, கவனம்!”

ஆபீஸ் வாசல் கோஷ்டியோ கொண்டாடியே விட்டது. “மச்சான், பென் டிரைவை ஏன்டா உறிஞ்சறே?” என்றான் ஒருவன். “புல்லாங்குழல் க்ளாஸ் சேர்ந்துட்டியா?” என்றான் இன்னொருவன். மூன்றாமவன் மட்டும் சீரியஸாக என் தோளில் கை போட்டு, “டேய், அது பூரா கெமிக்கல்டா. உடம்பைப் பார்த்துக்கோ” என்றான். சொன்னபோது அவன் வாயில் சிகரெட் எரிந்துகொண்டிருந்தது!

யோசித்துப் பார்த்தால் அவன் கவலை என்னைப் பற்றியது இல்லை. நாலு பேர் சேர்ந்து ஓட்டைப் படகில் போகிறபோது ஒருத்தன் மட்டும் எழுந்து லைஃப் ஜாக்கெட் மாட்டினால் மற்ற மூவருக்கும் சங்கடமாக இருக்காதா? போன வருஷம் இன்னொருத்தன் சிகரெட்டை விட்டபோது இதே வாசலில் நின்று நானும் இப்படித்தான் சிரித்தேன்.

நாலு வாரம் கழித்து மறுபடி மெஷின். இந்த முறை மனைவியும் வந்திருந்தாள். ஊதினேன். ‘2’. பரீட்சை ரிசல்ட்டில் இவ்வளவு குறைந்த மார்க்குக்கு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா கை குலுக்கினார். பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் நர்ஸம்மாவிடம் கேட்டாள்: “இந்த வாயு உடம்புல எத்தனை நாள் இருக்கும்?”

“ஒண்ணு, ரெண்டு நாள்ல போயிடும்.”

“அப்ப செவ்வாய், புதன் ரெண்டு நாள் மட்டும் பிடிக்காம இருந்துட்டு வியாழக்கிழமை வந்து ஊதியிருக்கலாம் இல்லையா?”

அறையில் அமைதி. எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எட்டுத் தடவையும் ஞாபகம் வந்தது. கோபம் போய்விட்டது. “எந்த நாள் வேணும்னாலும் கூட்டிட்டு வாங்க, நான் ஊதச் சொல்றேன்” என்று நர்ஸம்மா சிரித்தார்.

கூட்டிப் போனாள் ஸார்! இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஆபீஸிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறேன், ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். வீட்டுக்குப் போகவிடவில்லை. நேரே மருந்துக் கடை. ஊதினேன். மறுபடி ‘2’.

திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் சாவியைத் திறந்துகொண்டே சொன்னாள்: “உங்களை நம்பறேன்னு சொல்லலை. மெஷினை நம்பறேன்.” அந்த நிலைமையில் அதுவே எனக்கு பாரத ரத்னா.

செப்டம்பரில் அடுத்த சோதனை. அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் பாதித்து வரிசையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். வாட்ஸப்பில் எனக்கு வந்த அனுதாபச் செய்திகளைப் பார்த்தால் நான் போய்ச் சேர்ந்தாயிற்று என்றே தோன்றியது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின்-ஈ அசிடேட் என்ற பொருளே முக்கியக் காரணம் என்பது நவம்பரில் வெளிப்பட்டது. அதற்குள், செப்டம்பர் 18-ம் தேதி, இந்திய அரசாங்கம் மின்சிகரெட்டையே தடை செய்துவிட்டது. அவசரச் சட்டம் அந்த வருஷக் கடைசியில் முழுச் சட்டமாயிற்று. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் செய்ய எதற்கும் அனுமதி கிடையாது. முதல் தடவை மாட்டினாலே ஓராண்டு வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

திருச்சியிலிருந்து அப்பா போன் பண்ணினார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரானவர். பேச்சும் ஸ்பானர் மாதிரி இருக்கும்.

“சிகரெட்டை கவர்மென்ட் தடை பண்ணலை. நீ பிடிக்கறதைத் தடை பண்ணிடுச்சு. அப்ப எதுடா பெரிய விஷம்?”

பதில் சொல்லத் திணறினேன். புதிதாக வாலிபப் பிள்ளைகள் இதில் விழுந்துவிடுவார்கள் என்று இந்தியா பயந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள் எழுந்துகொள்வார்கள் என்று இங்கிலாந்து கணக்குப் போட்டது. இந்தியாவின் பயம் பொய்யில்லை. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுகிற வேப்களை அங்கே பள்ளிப் பிள்ளைகளே இழுக்க ஆரம்பித்து, 2025 ஜூன் 1 முதல் அந்த ரகத்தை இங்கிலாந்தும் தடை செய்தது. ஆகவே, இதைப் படித்துவிட்டு லண்டன் மச்சானை ஒன்று வாங்கி வரச் சொல்லாதீர்கள். நம்ம ஊரில் விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச நம்பர் இருக்கிறது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நாம்தான் அந்தப் பக்கத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு சிகரெட்டை உருவுகிறோம்.

2020 பொங்கலுக்கு, மூன்று மாதப் பெண் குழந்தையுடன் ஊருக்கு வந்தோம். வேப்பை லண்டனிலேயே விட்டுவிட்டு, திருச்சியில் மருந்துக் கடையில் இரண்டு மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வாங்கி மென்றேன். அப்பா இரண்டு நாள் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வெடித்தார்.

“விடறதுன்னா விடணும்டா. ஒண்ணை விட்டு ஒண்ணைப் பிடிக்கறது மரத்துக்கு மரம் தாவற குரங்கு வேலை. நான் 1989-ல ஒரே நாள்ல விட்டேன். சூயிங்கமா மென்னேன்?”

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்தப் பரிசோதனையின் இன்னொரு வரியை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்தும் வேப்பை விடவில்லை. சூயிங்கம், பட்டை அணியில் அப்படி ஒட்டிக்கொண்டவர்கள் 9 சதவீதம்தான். அப்பா சொன்ன குரங்கு அந்த 80 சதவீதத்தில் உட்கார்ந்திருந்தது. லண்டனில் என் பாக்கெட்டிலும்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஆமா, சூயிங்கம் மெல்லலை. சீவல் மென்னீங்க! சிகரெட்டை விட்டுட்டு மூணு வருஷம் சட்டைப் பையெல்லாம் சீவல் பொட்டலம். சுண்ணாம்புக் கறையை நான்தானே துவைச்சேன்!”

மனைவி குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். (பாக்கு மென்றாலே புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொன்னதெல்லாம் பிற்பாடு.) கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில் சொன்னார்:

“சரி, மென்னேன். ஆனா அந்தச் சீவலையும் விட்டேன்ல? அதைச் சொல்லுங்க.”

என்னைச் சந்தேகப்பட்ட அத்தனை பேரிலும் விஷயத்தைத் தொட்டவர் அவர்தான். வேப் சிகரெட்டைவிட மோசம் என்றவர்களுக்கு ‘2’ என்ற எண்ணைக் காட்ட முடிந்தது. ‘இதிலிருந்து எப்ப இறங்கப் போறே?’ என்ற கேள்விக்குக் காட்ட என்னிடம் எண் எதுவும் இல்லை.

லண்டன் திரும்பியதும் இறங்க ஆரம்பித்தேன். பதினெட்டு மில்லிகிராம் திரவம் பன்னிரண்டாகி, ஆறாகி, மூன்றாகி, 2021 ஆகஸ்டில் பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பேனா இப்போது பழைய சார்ஜர்களோடு மேஜை டிராயரில் தூங்குகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பது பழமொழி. புகையும். அதையும் அணைத்தால்தான் கணக்கு தீரும்.

வாசல் கோஷ்டியில் எனக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னவன், போன வருஷம் தனியாகக் கூப்பிட்டு அந்த நர்ஸம்மா இருக்கும் இடத்தைக் கேட்டான். நான் சிரிக்கவில்லை. விலாசம் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. போன வாரம் சாயங்காலம் தற்செயலாகப் பார்க்கிறேன், மனைவி என் சட்டைக் காலரை மோந்துகொண்டிருந்தாள்.

“இன்னுமா நம்பிக்கை வரலை?” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பியவள் அசடு வழியச் சொன்னாள்:

“நம்பிக்கை எல்லாம் எப்பவோ வந்தாச்சுங்க. இது பழக்கம்... விட முடியலை!”