மார்பில் வைத்த புலி

யான் செங்கத்தினின்று இக்கல்லூரிக்கு வந்த முதலாண்டிலேயே கராத்தே என்னும் தற்காப்புக் கலையைப் பயிலத் தொடங்கினேன். உண்மையைச் சொல்லுமிடத்து, என்னை ஈர்த்தது அக்கலையன்று. பயிற்சியுடையின் மார்பில் தைக்கப்பெறும் புலிச் சின்னமேயாம். வட்டத்தினுள் உடல் வளைந்து நிற்கும் அப்புலியை அணிந்து விடுதித் தாழ்வாரத்தில் நடக்குங்கால், யானே புலியாய்விட்டதாக எண்ணி இறுமாந்திருந்தேன்.

ஒருநாள் மாலை, இளைய மாணவரொருவர் அச்சின்னத்தைச் சுட்டி, “அண்ணா, இந்தப் பூனை எலி பிடிக்குமா?” என்று நகைத்தார். சுற்றியிருந்தோரும் நகைத்தனர். அடுத்த கணம் என் கை அவர் முகத்திற் பாய்ந்தது. உதடு கிழிந்து குருதி வடிய அவர் தரையிற் சாய்ந்தார். அவர் திருப்பி அடித்தாரில்லை, எவரிடத்தும் முறையிட்டாருமில்லை. வியப்பொடு என்னை நோக்கிய அந்நோக்கமே பல இரவுகள் என்னை உறங்கவொட்டாது செய்தது.

செய்தி எவ்வாறோ எம் பயிற்சியாசிரியர் செவிக்கு எட்டிற்று. அவர் வெகுண்டிலர். “தம்பி, அந்தச் சின்னத்தைப் பிரித்தெடுத்துவிடு. அதன் பொருள் விளங்கிய பின் மீண்டும் தைத்துக்கொள்” என்று மட்டும் கூறினார். அன்றுமுதல் சின்னமற்ற உடையுடன் கடைசி வரிசையில் நின்று பயின்றேன்.

பொருள் தேடலானேன். அப்புலி ஷோட்டோகான் என்னும் மரபினர்க்குரியது. அம்மரபின் முதல்வர் ஒகினாவாத் தீவிற் பிறந்த கிச்சின் ஃபுனகோஷி (1868–1957) என்பார். அவர் ஒரு பள்ளியாசிரியர், கவிதையும் புனைபவர். பைன் மரங்களினூடே காற்று எழுப்பும் அலையோசையைக் குறிக்கும் ‘ஷோட்டோ’ என்பதே அவர்தம் புனைபெயர். அவருடைய நூலுக்கென அப்புலியை வரைந்தவர் ஹோஆன் கொசுகி என்னும் ஓவியர். ஜப்பானியர் ஒரு கலையின் மூலநூலைப் ‘புலிச்சுருள்’ என்று வழங்குவர். ஆகவே அப்புலி பாய்ச்சலுக்கு மட்டும் அடையாளமன்று; கல்விக்கும் அடையாளமாம். கராத்தே என்னுஞ் சொல்லுக்கு ‘வெறுங்கை’ என்பது பொருள். கையில் படைக்கலம் இன்மை மட்டுமன்று, நெஞ்சில் தன்னலமும் தீய எண்ணமும் இன்மையே அவ்வெறுமை என ஃபுனகோஷி விளக்கினார். முதலில் தாக்குதல் இக்கலைக்கு உரியதன்று என்பதும் அவர் விதித்த நெறிகளுள் ஒன்று. நானோ முதலிலே தாக்கினேன். அதுவும் ஒரு நகைப்பிற்காக!

இவையெல்லாம் அறிவிற்கு எட்டின, உள்ளத்திற்கு எட்டவில்லை. உள்ளத்திற்கு எட்டச் செய்தது என் சொந்த ஊர்ப்புறத்துக் கல்லேயாம்.

சவ்வாது மலையடியிலுள்ள எங்கள் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் மாண்ட வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. சிறுவயதில் அவற்றருகே ஆடு மேய்வதைக் கண்டதன்றி, அவற்றை யான் பொருட்படுத்தியதில்லை. இக்கல்லூரி நூலகத்தில் அவற்றைப் பற்றிய நூலொன்றைப் புரட்டுகையில் எடுத்தனூர்க் கல்லின் செய்தியைக் கண்டேன். ஏழாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது அது. கருந்தேவகத்தி என்பான் தன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு மாண்டான். கோவிவன் என்னும் அவனது நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. அவ்வீரனுக்கு அருகிலேயே அந்நாயின் உருவத்தையும் வடித்து, அதன் பெயரையும் எழுதிவைத்தனர் நம் முன்னோர்.

அப்பக்கத்தை மூடாது நெடுநேரம் இருந்தேன். கடித்தல் எந்த நாயும் செய்வதே. காரணமின்றிக் கடித்த நாய்க்கு எவரேனும் கல் எடுப்பரோ? கோவிவன் கல்லில் நிற்பது பல்லின் வலிமையாலன்று, காவலின் வலிமையாலன்றோ? சின்னம் என்பது நம் ஆற்றலைப் பிறர்க்கு அறிவிக்கும் விளம்பரமன்று; யாரைக் காக்கக் கடமைப்பட்டோம் என்பதை நமக்கே நினைவூட்டும் கடன்பத்திரமாம். அந்த நாய் காத்தது. என் புலி, காக்கவேண்டிய இளையவரையே கடித்தது.

அன்றிரவே அம்மாணவரது அறைக்குச் சென்று மன்னிப்பு வேண்டினேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்து, “அண்ணா, எனக்கும் சொல்லித் தருவீர்களா?” என்றார். இப்பொழுது அவரும் எம்மொடு பயில்கின்றார். சின்னத்தை மீண்டும் தைத்துக்கொண்டேன். முன்னர்ப் பிரித்த ஊசித் துளைகள் அதன் ஓரத்தில் இன்றும் தெரிகின்றன. அவை மறையவேண்டுமென யான் விரும்பவுமில்லை.

உடன்பயிலும் நண்பர்காள்! நம் கல்லூரியின் முத்திரையையும் நாம் அனைவரும் தாங்கித் திரிகின்றோம். அதனைத் தாங்குவதால் நமக்கு வரும் பெருமை யாது என்று வினவுமுன், அதனைக் கண்டு நம்மை நம்பி வருவோர் யாவர் என்று ஒருகால் வினவிக்கொள்வோமாக.