கீழே கடை, மேலே வீடு

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் சாயங்காலம் கடைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் போட்டிருக்கும் விளக்கு, கண்ணைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பெயர்ப் பலகைக்கு மேலே பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினால், அங்கங்கே பழைய ஊர் தெரியும். அரைவட்ட வளைவு வைத்த ஜன்னல், சுண்ணாம்பில் செய்த பூ வேலை, கைப்பிடிச்சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்று. பக்கத்துத் தெருக்களிலும் இப்படிச் சில வீடுகள் மிச்சமிருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு எப்போதும் விலைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இவை விக்டோரியா மகாராணி காலத்து மோஸ்தர். 1837 முதல் 1901 வரை அவர் லண்டனில் ஆண்டபோது, இங்கே ஆண்டவர்கள் தொண்டைமான்கள். சொந்தமாக அம்மன் காசு அடித்துப் புழங்கிய சமஸ்தானம் இது. 1878-இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி 1894 வரை இருந்து, ஊரைச் சீர்படுத்தினார். நேர்நேராக ஓடும் அகலமான வீதிகள் இன்றும் புதுக்கோட்டைக்குப் பெருமை. அரசாங்கக் கட்டடங்களில் வந்த வளைவும் தூணும் வசதியுள்ளவர்கள் வீட்டு முகப்புக்கும் வந்தன. உள்ளே மட்டும் மாறவில்லை. அதே முற்றம், அதே தாழ்வாரம், அதே கிணற்றடி. மகாராணி பாணி என்பது வாசலோடு சரி!

கடை எப்போது வந்தது? திண்ணையிலிருந்துதான். வழிப்போக்கர்கள் படுத்த திண்ணையில் முதலில் ஒரு தையல் மெஷின் வந்திருக்கும். பிறகு தட்டி, பிறகு பலகைக் கதவு, கடைசியில் ஷட்டர். குடும்பம் மாடிக்கும் பின்கட்டுக்கும் ஒதுங்கியது. பிள்ளைகள் படித்துத் திருச்சி, சென்னை, சிங்கப்பூர் என்று போனார்கள். கடை மட்டும் போகவில்லை.

விற்பது என்று முடிவானதும் தரகர் கேட்கும் முதல் கேள்வி, "மனை எத்தனை சதுர அடி? ரோட்டுப் பக்கம் முகப்பு எத்தனை அடி?" வீட்டைப் பற்றிய கேள்வியே வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பும் மனைக்குத்தான். கட்டடத்தின் மதிப்பைத் தனியாகப் போடும்போது வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கிறார்கள். எவ்வளவு பழையதோ அவ்வளவு குறைவு. நூறு வருஷம் நின்றதற்கு வீட்டுக்குக் கிடைக்கும் மரியாதை இதுதான்.

வீடாக மதிப்பில்லாதது, பிரித்துப் போட்டால் விலைக்குப் போகும் என்பதுதான் விசித்திரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தேக்குத் தூண், நிலைக்கதவு, வண்ணக் கண்ணாடி, பித்தளைப் பூட்டு, எனாமல் தட்டு என ஒவ்வொன்றுக்கும் ஆள் இருக்கிறது. வாங்க வருகிறவர் சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பார்.

அதற்கு முன்னால் காகிதம் இருக்கிறது. சமஸ்தான முத்திரைத்தாளில் எழுதிய மூலப்பத்திரம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு பாகப்பிரிவினையே நடந்திருக்காது. பட்டா தாத்தா பெயரிலேயே நிற்கும். வாரிசுகளை எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இல் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்திய திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அதனால், சீர் கொடுத்து அனுப்பியாயிற்று என்று எல்லோரும் மறந்துபோன அத்தையின் கையெழுத்தும் இப்போது தேவைப்படலாம். அத்தை கையெழுத்துப் போட மறுப்பது பணத்துக்காகத்தான் என்று மருமகன்கள் நினைக்கிறார்கள். கல்யாணம் நடந்த முற்றத்தை இன்னும் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லி யாராவது கூப்பிட்டிருந்தால், அது வேறு கதையாக இருந்திருக்கும்.

கீழே கடைக்காரர் இந்தப் பேச்சையெல்லாம் மாடிப்படி வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அவருடைய அப்பா காலத்திலிருந்து இதே இடம். வாடகை குறைவு என்பதில் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். மராமத்து பார்க்கவில்லை என்பதில் அவருக்கு மனத்தாங்கல். ஆனாலும், பேச்சு என்று வரும்போது அவர் கேட்பது ஒன்றுதான். "வித்துட்டுப் போங்கண்ணே, வேணாங்கலை. வாங்குறவருகிட்ட நம்ம கடையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

சட்டப்படி, வீடு கை மாறியதாலேயே அவருடைய வாடகை உரிமை போய்விடாது. வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். ஆனால், 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். வாய்வார்த்தையில் நாற்பது வருஷம் ஓட்டியவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? பழைய ரசீதுக் கட்டும் மின்கட்டண அட்டையும்தான்.

இடிக்காமல் காப்பாற்றிய வீடுகளும் இல்லாமல் இல்லை. இதே மாவட்டத்தில், திருமயத்துக்குப் பக்கத்து ராமச்சந்திரபுரத்தில், நகரத்தார் கட்டிய சிதம்பர விலாஸ் இன்று பாரம்பரிய ஹோட்டல். செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பெயர்த்தெடுத்துச் சென்னைக்கு அருகே முட்டுக்காடு தட்சிணசித்ராவில் மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அவை அரண்மனை மாதிரியான வீடுகள். பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருவார்கள். கடைவீதியில் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டி நிற்கும் சாதாரண மாடி வீட்டுக்கு அந்த யோகம் கிடையாது. அதைக் காப்பாற்ற இருப்பது கீழே உள்ள கடை ஒன்றுதான்.

சும்மா சொல்வதில்லை இது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, காரை உதிர்ந்து, உத்தரத்தின் முனை மக்க ஆரம்பிக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் இது தெரிய வருவதற்குள் கூரை இறங்கிவிடும். கடை இருக்கும் வீட்டில் ஐப்பசி மழை தொடங்கிய அன்றே தெரிந்துவிடும், சரக்கு நனையுமே! மாடி ஏறி, தண்ணீர் போகும் துவாரத்தில் அடைத்த சருகை எடுத்து, முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவது அவர்தான். சென்னையிலிருந்து வீட்டுக்காரர் போன் செய்து "ஒழுகுதா?" என்று கேட்பதும் அவரிடம்தான். மாடிச் சாவி கடையில், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. வாங்குவதற்காக வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கும் அவரே அதை எடுத்துக் கொடுத்து, மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறுங்கள் என்கிறார்.