பறவை பிடிக்கப் பிறந்த ஆறுவிரல் நாய்!

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி, லோஃபோடன் தீவுக்கூட்டத்தின் தெற்கு முனைப் பக்கம் இருக்கிறது வேரோய் தீவு. மொத்த ஜனத்தொகையே சில நூறு பேர்தான். கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும் பாறை மலைகள், அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீனவர் வீடுகள், மரச் சட்டங்களில் தொங்கிக் காயும் காட் மீன்கள். மே மாதக் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை.

இந்தப் பாறைகள்தான் உலகின் விநோதமான குட்டி நாய் ஒன்றை உருவாக்கின. அதன் பெயர் லுண்டஹுண்ட். நார்வே மொழியில் 'லுண்ட' என்றால் பஃபின் பறவை. 'ஹுண்ட்' என்றால் நாய்.

பொந்துக்குள் ஒரு வேட்டை

கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, வண்ணம் பூசியது போன்ற அலகு கொண்ட கடற்பறவை பஃபின். பாறை இடுக்குகளிலும் மண் வளைகளிலும் வருடத்துக்கு ஒரே ஒரு முட்டையிடும். தீவு மக்களுக்கு இதன் இறைச்சி குளிர்கால உணவு. உப்புப் போட்டுப் பத்திரப்படுத்துவார்கள். இறகுகளையும் விற்றுக் காசாக்கினார்கள்.

ஆனால், செங்குத்துப் பாறையின் குறுகலான வளைக்குள் மனிதன் நுழைய முடியாதே! அதற்குத்தான் இந்த நாய். உள்ளே ஊர்ந்து போய், பறவையைக் கவ்வி, உயிரோடு எஜமானரிடம் கொண்டுவந்து கொடுக்கும். வேரோய் மக்கள் நாயை வைத்துப் பறவை பிடித்ததை 1591-லேயே ஓர் அரசு அதிகாரி எழுதிவைத்திருக்கிறார்.

வேலைக்கேற்ற உடம்பு

பார்வைக்கு இது பொமரேனியனின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். கூரான காது, சுருண்ட வால், செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த ரோமம். எடை 6, 7 கிலோதான். உற்றுப் பார்த்தால்தான் ஆச்சர்யம். சாதாரண நாய்க்குப் பாதத்தில் நான்கு விரல்கள் தரையில் பதியும். இதற்கோ ஒவ்வொரு காலிலும் குறைந்தது ஆறு விரல்கள்! வழுக்குப் பாறையில் பிடிமானம் தருபவை இவைதான்.

முன்னங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துப் பாறையைக் கட்டிப்பிடிக்கும். தலையை நெற்றி முதுகைத் தொடும் அளவுக்குப் பின்னால் வளைக்கும். குறுகிய பொந்தில் திரும்ப இது உதவும். காதுகளையும் மடித்து மூடிக்கொள்ளும். மண்ணும் தண்ணீரும் உள்ளே போகாது.

வலை வந்தது, நாய் போனது

19-ம் நூற்றாண்டின் நடுவில் பறவை பிடிக்க வலை வந்தது. நாய்க்கு வேலை போனது. நாய் வளர்த்தால் வரி என்ற நிலையும் வந்தபோது, மற்ற ஊர்களில் இந்த இனம் கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. வேரோயின் ஒதுக்குப்புறத்தில் இருந்த மோஸ்டாட் என்ற குக்கிராமம் மட்டும் நாய்களை விடவில்லை. பெரிய பாறைகள் குவிந்துகிடந்த அந்தச் சரிவில் வலையைவிட நாய்தான் கைகொடுத்தது.

தெற்கு நார்வேயைச் சேர்ந்த எலினோர் கிறிஸ்டி என்ற நாய் வளர்ப்பாளர், 1939-ல் மோஸ்டாட்டிலிருந்து நான்கு நாய்களை வரவழைத்தார். அடுத்த சில வருடங்களிலேயே தீவில் டிஸ்டெம்பர் நோய் பரவி, ஒரே ஒரு நாய்தான் மிஞ்சியது. கிறிஸ்டி தன்னிடமிருந்த சினை நாய்களையும் குட்டிகளையும் தீவுக்கு அனுப்பிவைத்தார். ஆனால், 1944-ல் அதே நோய் அவர் வீட்டுக்கும் வந்தது. 'ஆஸ்க்' என்ற ஆண் நாயைத் தவிர எல்லாம் இறந்தன. தீவுக்கு அனுப்பியவற்றின் வாரிசுகள்தான் பிறகு இனத்தைத் தூக்கி நிறுத்தின.

1963-ல் மிச்சமிருந்தவை ஆறே ஆறு நாய்கள். அவற்றில் ஐந்து ஒரே தாயின் பிள்ளைகள்! இன்று பல நாடுகளில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் லுண்டஹுண்ட்களும் அந்த ஆறின் வழிவந்தவையே.

குணம் எப்படி?

வீட்டாரிடம் பாசம் பொழியும், விளையாட்டுப் பிள்ளை. புது ஆட்களிடம் கூச்சம். குட்டியிலேயே மனிதர்களோடு பழக்காவிட்டால் மிரளும். சிறு சத்தத்துக்கும் குரைக்கும். எஜமானரின் கண் எட்டாத பொந்துக்குள் தனியாக முடிவெடுத்த பரம்பரையல்லவா, சொன்னதை உடனே கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் பழக்குவதற்கும் நிறையப் பொறுமை வேண்டும்.

காப்பாற்றியதே கண்டமானது

நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததற்கு விலையும் உண்டு. உடம்பில் புரதத்தைத் தங்கவிடாத குடல் நோய் இந்த இனத்தைத் துரத்துகிறது. நல்ல உணவு கொடுத்தும் சில நாய்கள் மெலிந்து இறந்துபோகின்றன. குட்டிகளும் குறைவாகவே பிறக்கின்றன.

அதனால் நார்வேயில் ஒரு முயற்சி நடக்கிறது. பூஹுண்ட், ஐஸ்லாந்து மேய்ப்பு நாய் போன்ற உறவு இனங்களோடு கலந்து, வாரிசுகளை மறுபடி லுண்டஹுண்டுடனேயே சேர்க்கிறார்கள். கலந்தால் ஆறு விரலும் வளையும் கழுத்தும் மங்கிவிடுமோ என்ற கவலை ஒரு பக்கம். கலக்காவிட்டால் இனமே மிஞ்சாதே என்ற பயம் மறு பக்கம். தூய்மை என்ற பெயரில் நோயையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது என்பதுதான் கலப்புக்குத் துணிந்தவர்களின் வாதம்.

போக நினைப்பவர்களுக்கு

பூடே நகரிலிருந்து வேரோய்க்குக் கப்பலும் ஹெலிகாப்டரும் உண்டு. பஃபின்களைப் பார்க்கக் கோடைக்காலமே சரி. மோஸ்டாட்டுக்கு மலைச்சரிவுப் பாதையில் நடந்து போகலாம். நல்ல ஷூ அவசியம். அங்கே இப்போது நிரந்தரமாக யாரும் வசிப்பதில்லை. பழைய வீடுகளும் புல்வெளியும் கடல் சத்தமும்தான் இருக்கின்றன.

பஃபின் வேட்டைக்கு இப்போது தடை. அந்தப் பறவைகளும் நார்வே கடற்கரையில் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஒரு காலத்தில் வேட்டையாடிய நாய், வேட்டையாடப்பட்ட பறவை... இன்று இரண்டுக்குமே மனிதனின் பாதுகாப்பு தேவைப்படுகிறது.