வச்சிரமும் கண்ணாடியும்

வச்சிரம் என்னுஞ் சொல்லுக்கு நம் மொழியில் வழங்கும் பொருள் பல. இந்திரன் கைப்படையும் வச்சிரம். மணிகளுட் சிறந்த வயிரமும் வச்சிரம். தச்சன் தன் உளிப்பெட்டிக்கருகே தகரக் குவளையில் வைத்துக் காய்ச்சும் தோற்பசையும் வச்சிரமே. முன்னவை இரண்டும் புலவர் நாவில் உலவுவன. மூன்றாவது சேலத்துக் கடைவீதியில் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கப்படுவது. வலிமையே மூன்றற்கும் பொது என்று உரைகூறி ஆசிரியர் அமைதி கூறுவர். ஆயினும், விலங்கின் தோலிலிருந்து வடித்த ஒரு பசைக்கு வயிரத்தின் பெயரை ஈந்தது சிறிது மிகையன்றோ என்னும் ஐயம், சிறப்புத் தமிழ் பயிலும் எமக்கு இருந்தே வந்தது. அவ்வையம் நீங்கியது நூல்நிலையத்திலன்று. இராசிபுரத்தை அடுத்த எம் இல்லத்தின் பின்புறத்தே, ஓடு வேய்ந்த ஒரு சாய்ப்பில்.

எம் தமையனார் நாமக்கல்லில் லாரிப் பாடி கட்டும் பட்டறையொன்றில் எழுத்து வரைபவர். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அத்தொழிலுக்கு இந்நாடெங்கும் பெயர் பெற்றவை என்பதை இதனைப் படிப்போர்க்கு யாம் கூற வேண்டுவதில்லை. வண்டியின் நெற்றியிலே குலதெய்வத்தின் திருப்பெயர், பக்கங்களிலே தாமரையும் மயிலும், பின்னே உரிமையாளருடைய மக்களின் பெயர்கள் என இவற்றைத் தூரிகையால் தீட்டுவதே பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு வாழ்வு. இப்பொழுது கணிப்பொறி வெட்டித் தரும் ஸ்டிக்கர் அப்பணியிற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. திங்களில் இருபது நாள் இருந்த வேலை எட்டு நாளாய்ச் சுருங்கிற்று. எமது கல்லூரிக் கட்டணத்திற் பாதி அத் தூரிகையினின்று வருவதாகலின், அச்சுருக்கம் எம் மேசை வரையில் வந்து எட்டியது.

அந்நாளில் வீடு கட்டும் மேஸ்திரி ஒருவர், பழைய கதவினின்று உடைந்த கண்ணாடித் துண்டொன்றைத் தமையனாரிடம் கொணர்ந்து, இதுபோற் செய்து தர இயலுமோ என வினவினார். அதன்மேல் பெரணியிலை விரிந்தாற்போலவும் மயிலிறகு சிதறினாற்போலவும் ஒரு பூவேலை. அச்சில் அழுத்திய கண்ணாடியாயின் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். இதிலோ ஓரிலைபோல் மற்றோரிலை இல்லை. வினவியும் படித்தும் யாம் அறிந்தது இது: கண்ணாடிமேல் வச்சிரத்தைத் தடவி உலரவிட்டால், அப்பசையே கண்ணாடியைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மதுச்சாலைகளிலும் அமெரிக்க நாட்டுக் கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் இவ்வேலை பெரிதும் விரும்பப்பட்டதாம்.

பசை கண்ணாடியைப் பெயர்ப்பதெங்ஙனம்? கோடையில் நம் ஏரிகளின் வண்டலை நோக்குக. நீர் வற்ற வற்றச் சேறு சுருங்கும், சுருங்கியது வெடிக்கும், வெடித்த ஒவ்வொரு பாளமும் ஓரங்களில் மேல்நோக்கிச் சுருண்டெழும். வச்சிரமும் அவ்வாறே உலருங்கால் சுருங்குகின்றது. சேறு அடிமண்ணை எளிதில் விட்டுவிடும். வச்சிரமோ தான் பற்றியதை விடுவதில்லை. அதன் பற்று கண்ணாடியின் உள்வலியினும் மிக்கதாகலின், சுருண்டெழுகையில் கண்ணாடியின் மேற்றோலையும் உடன்கொண்டே எழுகின்றது. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்கிதையில் வச்சிரலேபம் என்னும் பசைகளுக்கெனவே ஓர் அதிகாரம் வகுத்திருக்கின்றார்; அவற்றுள் ஒன்று விலங்கின் கொம்பும் தோலும் சேர்வது. அப்பெயரை இட்டோர் மிகைபடக் கூறினாரல்லர் என இப்பொழுது ஒப்புகின்றோம்.

ஆனால் வழவழப்பான கண்ணாடியில் பசை இவ்வளவு உறுதியாகப் பற்றாது. முதலில் அதன் முகத்தைச் சொரசொரப்பாக்கல் வேண்டும். இவ்விடத்தில்தான் எம் இல்லத்தில் ஒரு தடை எழுந்தது.

தொழிற்சாலைகளில் இதற்குக் காற்றழுத்தத்தால் மணலைப் பாய்ச்சுவர். பெஞ்சமின் டில்மன் என்னும் அமெரிக்கர் 1870இல் உரிமை பெற்ற முறை அது. பட்டறையிலே வண்ணம் பீய்ச்சும் கம்பிரஸர் ஒன்று இருந்தது. மணலுக்கோ நம் ஆறுகளிற் குறைவில்லை. தமையனார் பலகைப்பெட்டி ஒன்றுக்கு அளவும் எடுத்துவிட்டார். அதனைக் கண்ட எம் தந்தையார், “உங்க அப்பாரு மூச்சுக்குத் தவிச்சதை ஆறு வருசம் பக்கத்துல இருந்து பாத்தவன் நான். இந்த வீட்டுல அந்தத் தூசி வேண்டாம்” என்று மட்டும் கூறி அப்பாற் சென்றார். எம் பாட்டனார் வெங்கச்சங்கல் அரைக்கும் ஆலையொன்றில் தம் இளமையைக் கழித்தவர். அவர் இறுதி நாளில் கயிற்றுக் கட்டிலிற் படுக்கவியலாது, இரவெல்லாம் திண்ணைத் தூணிற் சாய்ந்தே இருந்தாரென்பதை யாம் கேட்டிருக்கின்றோம்.

அத்தூசி படிகமணலின் தூசி. மணற்றுகள் மோதிச் சிதறுங்கால் கண்ணுக்குப் புலனாகா நுண்பொடியாகி நுரையீரலின் அடிவரை சென்று தங்கும். அங்கே தழும்பு கட்டும். அத்தழும்பை ஆற்றும் மருந்து இன்றுவரை இல்லை. மத்தியப் பிரதேசத்து மந்தசூரில் சிலேட்டுக்குச்சி அறுத்தோர் பலர் இந்நோயால் இளமையிலேயே மாய்ந்தனர். பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு விதிகளே மணலைப் பாய்ச்சுதற்குப் பயன்படுத்தலாகாது எனத் தடுத்துவிட்டன. தந்தையார் இவ்வரலாறொன்றும் அறியார். அவர் அறிந்தது ஒரு தூணும் ஓர் இருமலும். ஆயினும் அவர் சொல்லே சரி. தமையனார் அப்பலகைகளைக் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிட்டார்.

வேறு வழி நீரில் இருந்தது. கண்ணாடியைச் சமமான மேசைமேற் கிடத்தி, அதன்மேல் குருந்தப்பொடியை நீரிற் குழைத்துத் தெளித்து, உள்ளங்கையளவான தடித்த மற்றொரு கண்ணாடித் துண்டால் வட்டவட்டமாகத் தேய்த்தல். பொடி நீரைவிட்டு எழாது; தூசிக்கு இடமே இல்லை. தோசைமாவு அரைப்பது போன்ற ஓசையொன்றே. ஓரடி அகலமும் ஒன்றரையடி நீளமும் உள்ள கண்ணாடிக்கு ஒரு மணி நேரம் ஆகும், தோளும் நோகும். யாம் விடுமுறையில் செய்த பணி பெரும்பாலும் இதுவே.

குருந்தத்தைப் பற்றி இங்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் இக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் நம் குருந்தம் என்பதன் திரிபே. கடினத்தில் கண்ணாடி ஏறக்குறைய 5½ ஆயின், குருந்தம் 9. அதற்கு மேல் 10இல் நிற்பது வயிரமாகிய வச்சிரமே. அக்குருந்தம் விளையும் இடங்களுள் ஒன்று நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. அவ்வூரின் வெண்பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருத்தலால், 2019இல் ஏவப்பெற்ற சந்திரயான்-2இன் சோதனைக்கு வேண்டிய செயற்கை நிலவுமண் அதனைக் கொண்டே ஆக்கப்பட்டது. யாம் வாங்கியது கடையில் விற்கும் செயற்கைப் பொடிதான், பொருள் ஒன்றே.

இனிப் பசை. வச்சிரம் ஒரு பங்கு, தண்ணீர் இரு பங்கு. இரவு முழுதும் ஊறவிட்டால் மணிகள் பருத்துக் கூழாகும். நேரே அடுப்பில் வைத்தலாகாது. கொதித்தால் பற்று அழியும். எம் அன்னையார் ஊதலை இழந்த பழைய பால் குக்கர் ஒன்றைத் தந்தார். இரட்டைச் சுவரிடையே நீர் நிற்கும் அக்கலம் இதற்கென்றே செய்தாற் போன்றது. வெப்பமானி 65 பாகையைத் தொட்டதும் இறக்கிவிடுவோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளை நினைவூட்டும் ஒரு நாற்றம் எழும். அதனை அன்னையார் பொறுத்தது பெரிது.

பசையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்திற்கு ஒரே சீராகப் பரப்பி, கட்டியானபின் ஒரு நாள் நிழலில் விடல் வேண்டும். சிறிது படிக்காரம் சேர்த்தால் பூ நுணுக்கமாக விழும். பின்னர் 35 முதல் 40 பாகை வெப்பமும் உலர்ந்த காற்றும் வேண்டும். இதற்கு யாம் வெளியே தேடவில்லை. கோழிப்பண்ணைகள் நிறைந்த எம்மூரில், குஞ்சுகளுக்குச் சூடூட்டும் குண்டுவிளக்குப் புரூடர் பழையதொன்று அண்டை வீட்டிற் கிடந்தது. அதனுள் சிறு மின்விசிறி ஒன்றை இணைத்ததும் உலர்பெட்டி முடிந்தது.

இரண்டாம் நாள் இரவு ஒலி தொடங்கும். முதலில் ஒன்று, ‘டிக்’ என. சற்றுப் பொறுத்து இரண்டு. விடியற்காலையில் உளுந்தங்காய் வெயிலில் வெடிப்பதுபோல் இடைவிடாது. செதில்கள் கத்திமுனை போன்றவை, அடிகணக்கில் தெறிப்பன. பெட்டியை மூடியே வைக்க வேண்டும்; கண்ணுக்கு மூடுகண்ணாடியும் கைக்குத் தடித்த உறையும் அணியாது திறத்தலாகாது. பெயர்ந்த செதில்களைக் கோழி கொத்தாவண்ணம் குழியிற் புதைத்துவிடுவோம். கண்ணாடியும் சாதாரணமாய் 5 மில்லிமீட்டருக்குக் குறையாததாக இருத்தல் வேண்டும். பதப்படுத்திய டஃபன்டு கண்ணாடி இவ்வேலைக்கு உதவாது; சிறு சிதைவிலேயே முழுவதும் நொறுங்கிவிடும்.

பூ எப்படி விழும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்லவியலாது. தமையனாருக்கு இது முதலில் மகிழ்ச்சி தரவில்லை. கோடு தன் கையை விட்டு ஓடுவதை விரும்பாதவர் அவர். ஆதலின் கண்ணாடியின் நடுவே ஒரு பட்டையைத் தேய்க்காமல் விட்டு, பசை பற்றாதபடி அதன்மேல் ஸ்டிக்கர்த்தாளை ஒட்டினார். தம் வேலையைப் பறித்த அத்தாளின் கழிவுத்துண்டுகளை அக்கடையிலேயே கேட்டு வாங்கி வந்தார் என்பதைக் கூறாதிருக்க எமக்கு மனமில்லை. செதில் விழுந்தபின் தாளை உரித்து, தெளிந்த பட்டையின் பின்புறத்தே வீட்டின் பெயரை இடவலம் மாற்றி எழுதினார். முன்னின்று நோக்கினால் எழுத்து நேராய், பொன்னிறமாய், இருபுறமும் உறைந்த பெரணிக்காட்டினிடையே நிற்கும்.

மேஸ்திரி முதற்கண்ணாடிக்கு ஈந்த கூலி, தமையனார் லாரியில் மூன்று நாள் எழுதினால் வருவது. பங்குனி சித்திரையில் பதினொரு கண்ணாடிகள் முடிந்தன. ஐப்பசி மழை தொடங்கியதும் வேலை நின்றுவிட்டது. ஈரக்காற்றில் வச்சிரம் உலராது பூசணம் பூத்துவிடுகின்றது. இதனை எழுதும் இந்நாளில் புரூடர் கோணியால் மூடப்பட்டுக் கிடக்கின்றது. தமையனார் பட்டறைக்குத் திரும்பி எட்டு நாள் வேலையைச் செய்து வருகின்றார். தை பிறந்ததும் செய்து தருவதாக நான்கு வீட்டாரிடம் முன்பணம் வாங்கியிருக்கின்றார். அதிலிருந்துதான் இப்பருவத்துத் தேர்வுக் கட்டணம் செலுத்தப்பட்டது.